ஈக்கள் தாண்டிப் போன பூ

எல்லா வீட்டிலும் ஈயை விரட்டுவார்கள். நான் ஈக்காகக் காத்திருப்பேன். வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் தோட்டத்து மதிலோரம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வேன். ஒரு கையில் பூதக்கண்ணாடி, இன்னொரு கையில் பீங்கான் கப்புகளில் பூ வரையும் சன்னமான பிரஷ். பச்சை ஈ எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அம்மா சமையலறைக் கதவில் நின்று "மாதாவே" என்பாள். பி.யூ.சி. முடித்த பெண் மேல்படிப்புக்குக் காத்திருக்கலாம், கல்யாணத்துக்குக் காத்திருக்கலாம். ஈக்குக் காத்திருக்கிறாளே என்று அவளுக்கு ஆற்றாமை.

எழுபதுகளின் நடுவில் அந்த ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. ஒன்று என் செடிகள். இன்னொன்று அப்பாவின் வலது பாதத்தில் இருந்த புண். செடிகளைப் பற்றித் தெருவுக்கே தெரியும். புண் ஆறிவிட்டது என்று அப்பா சொன்னார். நாங்கள் நம்பினோம்.

விருத்தாசலத்தில் பாதி வீடுகளில் கோணல் சாமான் இருக்கும். சூளையில் கழுத்து சாய்ந்துபோன ஊறுகாய் ஜாடி, காது ஒட்டாத கப்பு, கரண்டு கம்பத்துக்குப் போயிருக்க வேண்டிய வெள்ளைப் பீங்கான், வாய் வெடித்த குழாய். விலைக்குப் போகாததை ஊரில் உள்ள பீங்கான் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்து வருவார்கள். சிலர் அதில் உப்புப் போட்டு வைப்பார்கள், சிலர் கோழிக்குத் தண்ணீர் வைப்பார்கள். நான் செடி வைத்தேன். அடியில் விரிசல் விட்ட ஜாடிதான் எனக்கு வேண்டும். கள்ளிச் சாதிக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அப்பா ஒரு ஜாடிக் கம்பெனியில் சூளை பார்ப்பவர் என்பதால் விரிசல் ஜாடிக்கு எனக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் கற்றாழை, பிறகு திருகுகள்ளி, பிறகு கடலூரில் யார் வீட்டு மதிலிலிருந்தோ கிள்ளி வந்த, முயல் காது மாதிரி இலை வைத்த ஒன்று. இவை எல்லாம் வளர்ந்தன, அவ்வளவுதான். வெறுமனே வளர்கிற செடி எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். அப்போதுதான் கள்ளிமுளையான் கிடைத்தது. அதில் மெல்லிய சாதி ஒன்று உண்டு, வேலிக்குள் விரலை நீட்டிக்கொண்டிருக்கும், ஒடித்து வந்து துவையல் அரைப்பார்கள். நான் சொல்வது அது இல்லை. தடித்த சாதி. நாலு பட்டைத் தண்டு, இலையே கிடையாது, சாம்பல் பூசிய பச்சை. ஜங்ஷனுக்குப் பின்னால் தண்டவாளத்தை ஒட்டிய முள்புதருக்குள் இருந்தது. ஒரு வெள்ளாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது. ஆடே வேண்டாம் என்று போகிற செடி என்றதும் அது எனக்கு வேண்டியதாகிவிட்டது.

மழை தொடங்கியதும் தண்டு நுனியில் மொட்டுகள் திரண்டன. ஒரு நாள் வெயில் ஏறும்போது வெடித்தன. ஒவ்வொரு பூவும் கட்டைவிரல் நகத்தளவு, ஐந்து இதழ், ஈரலின் நிறம். அப்படி முப்பது நாற்பது சேர்ந்து ஒரு பந்து. நான் ஆசையோடு குனிந்து மூக்கை வைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. பரண் மேல் எலி செத்து, எங்கே என்று தெரியாமல் வீடு முழுக்கத் தேடுவோமே, அந்த வாசனை.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா. அவர் வீட்டுக்காரர் துபாய்க்குப் போயிருந்தார். அக்கா பிள்ளைகளோடு இங்கே இருந்தார்.

"யக்கா, உங்க வூட்ல என்னமோ செத்துக் கெடக்குது. பரண்ல ஏறிப் பாருங்க."

"பரண்ல ஒண்ணுமில்லம்மா. எம் பொண்ணு வளக்குற பூ" என்றாள் அம்மா.

"பூவா? அல்லாவே! மய்யித்து வூடு மாதிரி இருக்குது, பூவுங்கிறீங்க?" அக்காவின் தலை மதிலுக்கு மேலே வந்தது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "ஏ பொண்ணே, எங்க வூட்டுக்காரரு துபாய்லேர்ந்து எனக்கு சென்ட்டு அனுப்புறாரு. நீ இந்தப் பக்கத்துலேர்ந்து இதை அனுப்புறியா? ஒரு பாட்டிலு தரேன், அந்தப் பூவு மேல ஊத்து."

"ஊத்தினா ஈ வராதுக்கா."

"ஈ வரலன்னா நல்லதுதான?"

"ஈ வரணும்க்கா. அதுக்குத்தான் அது நாறுது."

அக்கா அம்மா பக்கம் திரும்பினார். "யக்கா, இதுக்குச் சீக்கிரமா ஒரு மாப்பிள்ளையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தலையை இறக்கிக்கொண்டார்.

நான் சொன்னது உண்மை. பூதக்கண்ணாடியில் பார்க்கப் பார்க்க எனக்கு அது பூவாகவே தெரியவில்லை, பொறியாகத் தெரிந்தது. இந்தப் பூவில் மகரந்தம் பொடியாக இருக்காது. மெழுகு மாதிரி இரண்டு மஞ்சள் பைகள், நடுவில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கவ்வி. இறைச்சி என்று நம்பி வரும் ஈ பூவின் நடுவில் துழாவும். ஒரு வெடிப்புக்குள் அதன் கால் மாட்டும். இழுத்துப் பிடுங்கும்போது கவ்வியும் பைகளும் காலோடு வந்துவிடும். அடுத்த செடியின் பூவில் அதே போல ஒரு வெடிப்பில் பை சிக்கி அறுந்தால்தான் காய் பிடிக்கும். ஈக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. போகும்போது அது வெள்ளையாக முட்டை இட்டுவிட்டுப் போகும். பொரிந்து வரும் புழுவுக்குத் தின்ன அங்கே ஒன்றும் கிடையாது. பூவிலேயே காய்ந்து சாகும். இதை நான் அம்மாவிடம் விளக்கியபோது அவள் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

முதல் வருஷம் காய் பிடிக்கவே இல்லை. ஒரே செடியின் பூக்களுக்குள் மாற்றி மாற்றி வைத்தால் பயனில்லை என்று பிறகுதான் புரிந்தது. ஜங்ஷன் புதரில் இருந்தது முழுக்க ஒரே செடி, படர்ந்து படர்ந்து பல ஆனது. வேறு ஊர்ச் செடி வேண்டும். எங்கள் ஜில்லாவிலேயே இருக்கும் மங்களூர் பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது கொல்லைக் காட்டுப் பாறை இடுக்கில் ஒன்றைக் கண்டுபிடித்துத் துணிப்பைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால் கையாலேயே சேர்த்து வைத்துவிடலாம் என்று எண்ணம். பிரஷிலிருந்து மற்ற முடியை எல்லாம் பிடுங்கி ஒன்றை மட்டும் விட்டுப் பழகிப் பார்த்தேன். பை உடைந்தது, அல்லது வெடிப்பு கிழிந்தது. என் கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் ஈயின் கால் செய்வதை அது செய்யவில்லை. ஆகவே ஈ வேண்டும். ஈ வருவதை நான் பார்க்க வேண்டும்.

இனி அப்பாவின் கால்.

சூளைக்காரர்களுக்குக் காலில்தான் பெருமை. சுட்டு முடித்து ஆறவிட்ட பிறகு, வாசல் அடைப்புச் செங்கல்லைப் பிரித்து உள்ளே போய்ச் சாமானை எடுப்பார்கள். ஆறியது என்று பெயரே தவிர தரை அப்போதும் சுடும். புதிதாக வேலைக்கு வந்தவன் காலை மாற்றி மாற்றி வைப்பான், குதிப்பான். பழைய ஆட்கள் கைதட்டி, "ஆடுறா, ஆடு" என்பார்கள். அசையாமல் நிற்கிறவனுக்குத்தான் அங்கே மரியாதை. வரவர அப்பாதான் எல்லோரையும்விட அதிக நேரம் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டும் நின்று காட்டினார்.

"அண்ணன் காலு வெந்த மண்ணாயிருச்சி. இனிமே சுடாது" என்று கூட இருந்தவர்கள் சொன்னதை வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. கம்பவுண்டர் சிறுநீரில் நீல மருந்தை விட்டுக் காய்ச்சுவார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் போய் நிற்கும். "நல்லா வெந்திருக்குது, சூளையிலேர்ந்து எறக்கிரலாம்" என்பார் அப்பா. அந்தச் செங்கல் நிறத்துக்கும் சுடாத காலுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று அந்தக் கம்பெனியிலோ எங்கள் வீட்டிலோ ஒருவருக்கும் தோன்றவில்லை. சுட்டால் தெரியாது என்பதை ஊரே கைத்திறன் போல ஒரு கால்திறன் என்று நினைத்தது.

பிறகு ஒரு சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து, வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். இடது செருப்பு வந்தது. வலது வரவில்லை. ரப்பர் உருகிப் பாதத்தோடு ஒட்டியிருந்தது.

"ஏங்க, இதுகூடவா தெரியல?" என்று அம்மா கீழே குந்திவிட்டாள்.

"தெரிஞ்சா கழட்டியிருக்க மாட்டனா?" அவர் சிரித்துக்கொண்டே ஓர் இழுப்பு இழுத்தார். செருப்போடு தோலும் வந்தது. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அம்மாவும் நானும் அவர் பாதத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தோம். ஒரு சுளிப்புகூட இல்லை.

கம்பவுண்டர் கட்டுப் போட்டுவிட்டுப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அப்பா போக மறுத்துவிட்டார். மண் அரைக்கும் இடத்தில் வேலை செய்த ஒருவர் இப்படித்தான் ஒரு சின்னப் புண்ணோடு அங்கே போய், முட்டிக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் திரும்பியிருந்தார். "நடந்து போனான், தூக்கிக்கிட்டு வந்தாங்க. எங்காலு என்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அப்பா. 

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சூளைக்காரர்கள் சுட்ட புண்ணுக்குச் சலித்த வெள்ளை மண்ணை அப்புவார்கள். ஜாடிக்குப் போகிற அதே மண். ஈரத்தைக் குடித்துவிடும், காய்ந்து ஓடாகும், ஓடு உதிர்ந்தால் கீழே புதுத் தோல் இருக்கும். சின்னச் சின்னக் கொப்புளத்துக்கு அது சரியாகவும் ஆகியிருந்தது. அப்பா தினமும் அப்பினார். ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார். பாதத்தின் அடி முழுக்க வெள்ளையாக, வழவழப்பாக, பளபளப்பு ஏற்றாத ஜாடி போல இருந்தது. "ஆறிப்போச்சு பாரு" என்றார். மறுநாளிலிருந்து வேலைக்குப் போனார். கட்டு மட்டும் இருந்தது. தூசி படக் கூடாது என்பதற்காக என்று சொன்னார்.

அந்த மழைக்காலத்தில்தான் என் செடிகள் நன்றாகப் பூக்கத் தொடங்கின. இந்த முறை அம்மா விடுவதாக இல்லை. ஜாடி எல்லாவற்றையும் தண்டவாளத்துக்கே கொண்டு போய் வைத்துவிடு, வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள் என்று சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டு அக்காவும் மதில் மேலிருந்து சேர்ந்துகொண்டார். நான் அழுவதற்குத் தயாராக நின்றேன். அப்போது உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"செடி எங்கயும் போவாது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். என் செடியைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பாப்பா, அந்த ஜாடிங்கள எடுத்து என் ஜன்னலண்ட வையி. எனக்கு அந்த வாசனை பழகிருச்சி."

ராத்திரி வேலை, பகலில் தூங்க வேண்டும் என்று சொல்லி அவர் தோட்டத்துப் பக்கத்துச் சின்ன அறைக்குப் படுக்கையை மாற்றியிருந்தார். அதன் ஜன்னலுக்கு வெளியே நான் ஜாடிகளை வரிசையாக அடுக்கினேன். அடுத்த வாரம் அவரே இன்னும் சில விரிசல் ஜாடிகளைக் கொண்டு வந்தார். "கிளையை ஒடிச்சி இதுலயும் வையி. நெறையா வரட்டும்." வீட்டில் எனக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மகரந்தப் பையைப் பற்றியும் கவ்வியைப் பற்றியும் அவருக்குப் பாடமே நடத்தினேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே கேட்பார். கேள்விகூடக் கேட்பார்.

"ஒரு பூ எத்தினி நாளைக்கு நாறும்?"

"ரெண்டு, மூணு நாளுப்பா."

"அப்புறம்?"

"வாடிரும்."

"அடுத்தது எப்ப வெடிக்கும்?"

"மொட்டு இருக்குது. மழை பெஞ்சா சீக்கிரம் வெடிக்கும்."

"மழை நின்னுட்டா?"

"பூவும் நின்னுரும்."

அவர் எழுந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். சூளையின் துவாரம் வழியாக நெருப்பைப் பார்ப்பாரே, அப்படிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவர் வருவது நின்றது. மாதா கோயிலில் செருப்பை வெளியே விட வேண்டும். தூக்கம் போதவில்லை என்றார். சோற்றைப் பாதியில் வைத்தார். நல்ல வெயிலில் போர்த்திக்கொண்டார். அம்மா கேட்டால் ராத்திரி வேலை என்பார். எல்லாவற்றுக்கும் ராத்திரி வேலைதான் காரணம்.

நடுவில் மழை விட்டது. மொட்டுகள் சுருங்கி உதிர்ந்தன. அப்போது ஒரு நாள் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏ பொண்ணே, இன்னிக்கு எத்தினி பூவு?"

"இன்னிக்குப் பூவே இல்லக்கா."

"சும்மா சொல்லாத."

"வந்து பாருங்கக்கா. ஒண்ணுகூட இல்ல."

"அப்ப என் மூக்கு பொய் சொல்லுதா? எம் மூக்கு என்னா உங்க வூட்லயா வாடகைக்கு இருக்குது, உனக்குத் தோதா பேச?"

நானும் முகர்ந்து பார்த்தேன். அக்கா சொன்னது சரி. பூ இல்லை, வாசனை இருந்தது. என் முதல் பயம் செடிக்கு வேர் அழுகல் வந்துவிட்டதோ என்பதுதான். ஒரு ஜாடியைக் கவிழ்த்து வேரை உதறிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்றைக் கவிழ்த்தேன். அதுவும் நன்றாக இருந்தது. ஜாடியின் விரிசலுக்குள் பூவின் சாறு ஊறியிருக்குமோ என்று எல்லாவற்றையும் சாம்பல் போட்டுக் கழுவினேன். அப்பா படுத்தபடியே, "மண்ணுல ஊறியிருக்கும் பாப்பா. வுடு, போவ நாளாவும்" என்றார். அம்மா சாம்பிராணி போட்டாள். புகை இருக்கும்வரை வாசனை ஒதுங்கி நின்றது. புகை போனதும் வந்து உட்கார்ந்துகொண்டது. தெருவில் யாரும் வேறு காரணம் தேடவில்லை. எங்கள் வீட்டு நாற்றத்துக்கு ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது, அதற்கு நான்தான் பொறுப்பு, அதோடு பேச்சு முடிந்தது.

மறுபடி மழை பெய்தது. சில நாளில், நான் எதற்காக அத்தனை பாடுபட்டேனோ அது நடந்தது. ஜங்ஷன் செடியும் மங்களூர்ச் செடியும் ஒரே நாளில் வெடித்தன. இரண்டு ஜாடியையும் பக்கத்துப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பூ புத்தம் புதிதாக இருந்தது. வாசனை முகத்தில் அறைந்தது. வெயில் ஏறியது. முதல் ஈ மதிலைத் தாண்டி வந்தது.

நல்ல பச்சை ஈ, கொழுத்தது. ஜங்ஷன் பூவுக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. இறங்கப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இறங்கவில்லை. மேலெழும்பி, ஜன்னல் கம்பிக்கு நடுவே உள்ளே போயிற்று. சரி, தவறிவிட்டது என்று அடுத்ததற்குக் காத்திருந்தேன். அடுத்தது வட்டம்கூடப் போடவில்லை. மூன்றாவது, நான்காவது, எல்லாம் மதிலைத் தாண்டி, பூவைத் தாண்டி, நேராக ஜன்னலுக்குள் போயின. காற்று திசை மாறியிருக்குமோ என்று ஜாடிகளைத் தூக்கி ஜன்னல் விளிம்பிலேயே வைத்தேன். ஈக்கள் பூவுக்கு ஒரு சாண் மேலே பறந்து உள்ளே போயின. எனக்குக் கோபம் வந்தது. இறைச்சி மாதிரி நடிக்கிற பூவை விட்டுவிட்டு அப்படி எதைத் தேடிப் போகிறது இந்த ஈ என்று நினைத்தேன். நினைத்தது பாதியில் நின்றது.

எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே வலது பாதம் கட்டிலின் விளிம்பில் கிடந்தது. கட்டுத்துணியின் மேல் ஈக்கள். ஒன்றிரண்டு இல்லை, துணியின் நிறம் தெரியாத அளவு. கால் அசையவில்லை. தூங்குகிறவன்கூட ஈ உட்கார்ந்தால் காலை உதறுவான்.

நான் சுற்றிக்கொண்டு ஓடி அறைக்குள் போனேன். கதவைத் திறந்ததும் புரிந்துவிட்டது. பூவின் வாசனையேதான், ஆனால் அதில் இல்லாத ஓர் இனிப்பு இதில் இருந்தது. குனிந்து கட்டை விலக்கினேன். வெள்ளை மண் ஓடு, சூளையில் கெட்டுப்போன பளபளப்பு போல நுணுக்கமாக வெடித்திருந்தது. வெடிப்புகளின் ஓரம் ஈரம். ஓட்டின் ஒரு பக்கம் லேசாக ஏறி இறங்கியது, உள்ளே ஏதோ மூச்சு விடுவது போல. விரல்களிலிருந்து கணுக்கால் வரை, அதற்கும் மேலே, அந்த ஈரல் நிறம் ஏறியிருந்தது.

நான் காலைத் தொட்டதில் அவர் விழிக்கவில்லை. புரண்டபோது திறந்த கதவின் வெளிச்சம் முகத்தில் பட்டுத்தான் விழித்தார்.

"பூ வெடிச்சிருச்சா பாப்பா?" என்றார்.

"அப்பா, காலு…"

அவர் என் கையில் இருந்த துணியைப் பார்த்தார். "கதவைச் சாத்து."

"எத்தினி நாளாப்பா இப்பிடி?"

"சாத்துன்னு சொல்றன்ல. இன்னும் கொஞ்சம் மண்ணு வெச்சா காஞ்சிரும். உங்கம்மா கேட்டா பூவுன்னு சொல்லிடு." நான் கதவைச் சாத்தாததைப் பார்த்துக் குரலை இறக்கினார். அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. "உன் செடியை ஒருத்தரும் தொடாம நான் பாத்துக்கிட்டேன்ல? எனக்கு நீ இது ஒண்ணு செய்ய மாட்டியா? அங்க போனா வெட்டிருவாங்க பாப்பா."

நான் "அம்மா" என்று கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்றால், அம்மாவுக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார். வாசலில் நின்று ஒரு கணம் மூக்கைப் பொத்தினார். கட்டிலைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அக்காதான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வாடகைக் காரைப் பிடித்து வந்தார். கார்க்காரர் வாசலிலேயே முகம் சுளித்து, இதை ஏற்ற மாட்டேன் என்றார். அக்கா வீட்டுக்குள் போய் துபாய் சென்ட்டு பாட்டிலைக் கொண்டு வந்து, மூடியைக் கழற்றி, சீட்டு முழுக்க ஊற்றினார். "இப்ப ஏத்துங்க. மனுசன் உசுரு போயிட்டிருக்குது, நீங்க மூக்கைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

சென்ட்டும் அந்த வாசனையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக மூக்கில் ஏறின. பண்ருட்டி தாண்டியும் காருக்குள் இரண்டு ஈக்கள் இருந்தன. கண்ணாடியை இறக்கி விரட்டினேன். அவை போகவில்லை.

புதுச்சேரியில் டாக்டர் இளவயதுக்காரர். ஓட்டைத் தட்டி எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எங்களை வெளியே கூப்பிடாமல் அப்பாவிடமே சொன்னார். "இன்னைக்கு எடுத்துரணும். நாளைக்குன்னா காலு இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் வூட்டுக்குப் போறேன். என்னைக் கொண்டு போயி வுட்ருங்க" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அம்மா கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

"நீங்க இல்லாத வூட்ல அந்தக் கால வெச்சிக்கிட்டு நான் என்னாங்க பண்றது?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு டாக்டரிடம், "முட்டியாவது இருக்குமா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றார் டாக்டர். முட்டி இருக்கவில்லை.

காய்ச்சல் இறங்கச் சில நாள் ஆயிற்று. இறங்கிய பிறகு அப்பாவுக்குப் பழைய குரல் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் சூளையைப் பற்றிச் சொன்னார். துவாரம் வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு ஸ்டூல் போதும், கால் எதற்கு என்றார். அம்மா சாத்துக்குடி உரித்துச் சுளை சுளையாக அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் இரத்த ஓட்டம் தெரிந்தது. அந்த நேரத்தில் டாக்டர் வந்தார். வெட்டிய இடத்தைப் பார்க்கவில்லை. போர்வையை மறுபக்கம் விலக்கி இடது பாதத்தை வெளியே எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஓர் ஊசி எடுத்தார்.

"கண்ண மூடிக்குங்க. குத்துறப்ப சொல்லுங்க."

"சரிங்க டாக்டர்." அப்பா ஏதோ விளையாட்டு என்பது போலச் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்.

டாக்டர் கட்டைவிரலில் குத்தினார். சுண்டுவிரலில் குத்தினார். பாதத்தின் நடுவில், குதிகாலில், கணுக்கால் எலும்புக்குப் பக்கத்தில். குத்திய இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எழுந்து பெரிதாகி வழிந்தது. அம்மாவின் கையில் சுளை அப்படியே நின்றது. டாக்டர் ஊசியை இன்னும் சற்று அழுத்தினார், அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நானும் பார்த்தேன். ஒரு சுளிப்பு இல்லை.

"குத்துங்க டாக்டர்" என்றார் அப்பா. "எவ்ளோ நேரந்தான் இப்பிடியே கண்ண மூடிக்கிட்டு இருக்குறது?"